பத்திரம் சீரில்லாத காருக்கு என்ன விலை?

சென்ற மாதம் எமது பணிமனைக்கு ஓர் இளைஞர் வந்திருந்தார். பிரித்தானியாவில் அகதி அந்தஸ்துக் கிடைத்து ஒரு வருடம் கூட நிறையாதவர். லண்டனின் புறநகர்ப் பகுதியில் பண்டகசாலை ஒன்றில் இரவு வேலை. கடைசி பஸ் போன பின்னர் தொடங்கி முதல் பஸ் வருமுன்னர் முடியும் அந்த வேலையைக் கார் இன்றி வைத்திருக்க முடியாது. ஆகவே மாதாமாதம் கட்டிவந்த சீட்டை இடைநடுவில் கழிவுக்கு எடுத்து, 2,600 பவுண்களுக்கு ஒரு ரொயோட்டா எஸ்ரிமா வாங்கினார். விற்றவர் எம்மவர். ஊரால் தூரத்து உறவு என்றும் சொல்லிக்கொண்டார். "லொக் புக் சுவான்சியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது தம்பி, வந்த உடனே கொண்டுவந்து தாறன்" என்ற வாக்குறுதியோடு சாவி கைமாறியது.

நான்கு மாதங்களாகியும் லொக் புக் வரவில்லை. கார் இன்னமும் அதற்கு முந்தியவரின் பெயரிலேயே பதிவில் இருந்தது. இளைஞர் ஒவ்வோர் இரவும் லண்டனின் மாசுக் கட்டுப்பாட்டு வலயத்தினுள் ஓடியதற்கான தண்டச்சீட்டுகள், காரை எப்போதோ விற்று மறந்துவிட்ட அந்த மனிதரின் வீட்டுக் கதவிடுக்கில் விழுந்தன. அவர் ஆத்திரமுற்று, கார் தம்முடையதன்று என வாகனப் பதிவுத் திணைக்களத்துக்கு எழுதினார். அத்துடன் அவர் பெயரில் கட்டப்பட்டிருந்த வீதிவரியும் ரத்தாயிற்று. ஒரு விடிகாலை வேலையால் வந்து நித்திரை கொண்ட இளைஞர், மத்தியானம் எழுந்து பார்த்தபோது காரின் சில்லுக்குப் பூட்டுப் போடப்பட்டிருந்தது.

எம்மிடம் வந்த அவர் நியாயம் கேட்கவில்லை. "இந்தக் காரை உள்ளபடி விற்றால் என்ன விலை போகும்? உங்கள் பத்திரிகையில் ஒரு விளம்பரம் போடலாமா?" என்று மாத்திரமே கேட்டார். எழுந்து போகும்போதுதான், அவர் அதை வாங்கியதும் எமது வரி விளம்பரம் ஒன்றைப் பார்த்தே என்பதை அறிந்தோம். இன்றைய தலையங்கத்தை எழுத வேண்டிய கடமை எமக்கு ஏற்பட்டது அதனாலேயே.

பழைய காருக்கு விலை மதிப்பதற்கு இந்நாட்டில் நூல்கள் உண்டு. வியாபாரிகள் 'கிளாஸஸ் கைட்' பார்ப்பார்கள், பொதுமக்கள் 'பார்க்கர்ஸ்' பார்ப்பார்கள். வருடம், மொடல், ஓடிய மைல், பொதுவான நிலை என்பவற்றைக் கொண்டு அவை ஒரு தொகையைச் சொல்லும். ஆனால் அத்தொகை பத்திரங்கள் ஒழுங்காகவுள்ள ஒரு காருக்கானது. பத்திரத்தில் ஓட்டை விழுந்த காருக்கு அந்த நூல்கள் விலை சொல்வதில்லை. அந்த விலையை நாமே கணிக்கவேண்டும். எமது கருத்தில் அதற்கு ஓர் அளவுகோல்தான் உண்டு: உம்மை அறியாத, உமது ஊரை அறியாத, உமது வார்த்தையை நம்பவேண்டிய தேவை எதுவுமில்லாத ஓர் அந்நியர், காகிதத்தை மட்டும் பார்த்து நாளைக்கு அதற்கு எவ்வளவு கொடுப்பார்? அதுவே காரின் விலை. அறிமுகமானவர் இன்று கேட்கும் தொகை அதுவாக இருக்கவேண்டியதில்லை.

எம்மவரை இதில் முற்றாகக் குறைகூறவும் முடியாது. நாம் வந்த இடத்துப் பழக்கம் வேறு. பொருளாதாரத் தடைக் காலத்தில், 1990களின் யாழ்ப்பாணத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ-40 ஐயும் விலைபேசிய தலைமுறை எமது. என்ஜினின் சத்தத்தைக் காதால் கேட்டு, புகையை மூக்கால் மணந்து, தெரிந்த மெக்கானிக்கின் தலையசைப்பைப் பார்த்து விலை தீர்ந்தது. 'ஓப்பன் பேப்பர்' என்னும் வழக்கமும் எமக்குப் புதியதன்று. விற்பவர் உரிமை மாற்றப் படிவத்தில் கையொப்பம் வைத்துக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் தம் பெயருக்கு மாற்றாமல் வைத்திருந்து, அதே படிவத்துடன் அடுத்தவருக்கு விற்பார். ஒரு கார் நாலைந்து கை மாறியும் முதலாமவரின் பெயரிலேயே ஓடும். அங்கு அதற்கு ஒரு சமூகக் காவல் இருந்தது. விற்றவரின் வீடு தெரியும், தகப்பன் பெயர் தெரியும், ஏமாற்றினால் கோவிலடியில் முகம் கொடுக்க முடியாது. லண்டனில் விற்றவரின் கைத்தொலைபேசி இலக்கம் ஒன்றே தெரியும். அதுவும் மாறிவிடும்.

முதலில் லொக் புக் என்பது என்னவென்று விளங்கிக்கொள்வோம். வீ5சீ எனப்படும் அப்பத்திரம் உரிமைப் பத்திரம் அன்று. அதன் முகப்பிலேயே அவ்வாறு அச்சிடப்பட்டுள்ளது. காரை யார் வைத்திருக்கின்றார், வரிக்கும் தண்டத்துக்கும் யாரைத் தேடிப்பிடிக்க வேண்டும் என்பதையே அது சொல்கின்றது. பெயர் அதில் இருப்பதனால் கார் அவருக்குச் சொந்தம் ஆகிவிடாது. பெயர் இல்லாததனால் சொந்தம் இல்லை என்றும் ஆகாது. சொந்தத்தைக் காட்டுவது பணம் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டும் வங்கிக் கணக்கின் பதிவுமே. 2,600 பவுண்களைக் காசாக எண்ணிக் கொடுத்துவிட்டு ஒரு துண்டுக் கடதாசியில்தானும் கையொப்பம் வாங்காத எமது இளைஞரிடம் இரண்டும் இல்லை.

ஆயினும் காரின் வரலாற்றைச் சொல்வதில் லொக் புக்குக்கு நிகர் வேறில்லை. எத்தனை பேர் முன்னர் வைத்திருந்தனர், இப்போதையவர் எத்திகதியில் பொறுப்பேற்றார், செசி இலக்கம் என்ன என்பவை அதில் இருக்கும். முதற் பதிவுத் திகதி ஓரிடத்திலும், பிரித்தானியாவில் முதன்முதல் பதிந்த திகதி வேறோரிடத்திலும் இருக்கும். இவ்விரண்டும் வேறுபட்டால் கார் வெளிநாட்டிலிருந்து பாவித்த நிலையில் வந்தது என்று பொருள். பலர் இலக்கத்தகட்டைப் பார்த்தே வயதைச் சொல்லித் திருப்தி அடைகின்றனர். சொந்த விருப்பத்துக்கு வாங்கிப் பூட்டிய இலக்கம் காரின் உண்மை வயதை மறைக்கும். காரைப் புதியதாகக் காட்டும் இலக்கத்தைப் பூட்டச் சட்டம் இடம்தராது என்றாலும், பழையதாகக் காட்டவோ வயதே தெரியாமற் செய்யவோ தடையில்லை.

லொக் புக்கே இல்லை என்றால்? காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். உண்மையாகவே தொலைந்திருக்கலாம். வீடு மாறும்போது தொலைவது சகஜம். அப்படியாயின் அதில் பெயருள்ளவர் 25 பவுண் கட்டி ஒரு பிரதியை எடுத்துவிடலாம். அந்தச் சிறு தொகையையும் சில நிமிட நேரத்தையும் செலவிடாமல், ஆயிரக்கணக்கான பவுண் பெறுமதியான பொருளை விற்க ஒருவர் அவதிப்படுகின்றார் என்றால், ஏன் என்று கேட்பதில் தவறில்லை.

இரண்டாவது காரணம் எம்மவர் பலர் அறியாதது. லொக் புக்கை ஈடுவைத்துக் கடன் கொடுக்கும் கம்பனிகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளன. 1878 ஆம், 1882 ஆம் ஆண்டுகளின் பழைய விற்பனைமுறிச் சட்டங்களின் கீழ் நடைபெறும் இந்த வியாபாரத்தில், கடன் தீரும்வரை கார் சட்டப்படி கடன் கொடுத்தவருடையது. லொக் புக்கையும் அவரே வைத்துக்கொள்வார். தவணைக் கொள்வனவில் எடுத்த காரைக் கடன் தீருமுன் ஒருவர் விற்றால், அதை அறியாமல் நல்லெண்ணத்துடன் வாங்கிய தனியாளுக்கு 1964 ஆம் ஆண்டின் தவணைக் கொள்வனவுச் சட்டம் பாதுகாப்பளிக்கின்றது. லொக் புக் கடனில் சிக்கிய காரை வாங்கியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. யாரோ பட்ட கடனுக்காக ஒரு நாள் காரைக் கட்டியிழுத்துச் சென்றுவிடுவார்கள். பணம் செலுத்திப் பெறும் வாகன வரலாற்றுச் சோதனையில் இத்தகைய கடன்கள் பெரும்பாலும் தெரியவரும். அதற்காகும் செலவு ஒரு முறை பெற்றோல் அடிக்கும் பணத்திலும் குறைவு.

மூன்றாவது காரணம் களவு. களவெடுத்த காருக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான். எவ்வளவு நல்லெண்ணத்துடன் வாங்கியிருந்தாலும் கார் அதன் உண்மைச் சொந்தக்காரருக்கே போகும். லொக் புக் கையில் இருப்பதாலும் நிம்மதி கொள்ள முடியாது. 2006 இல் வெற்று லொக் புக்குகள் பெருந்தொகையாகக் களவுபோய், களவுக் கார்களுக்குப் பத்திரமாகப் பயன்பட்டன. அதன் பின்னரே 2010 இலிருந்து நீல நிறத்துக்குப் பதிலாகச் சிவப்பு நிறப் பத்திரம் வந்தது. இன்று எவராவது நீல நிறப் பத்திரத்தை நீட்டினால், மரியாதையாக விடைபெற்று வந்துவிடுங்கள்.

எனவே எமது கணிப்பு இது: லொக் புக் வந்துசேரும்வரை அந்தக் காருக்கு இரும்பு விலைக்கு மேல் விலையில்லை. வந்த பின் பேசலாம். வாங்கியே ஆகவேண்டும் என்றால், விற்பவரிடமிருந்து பச்சை நிறத் துண்டையாவது பெறவேண்டும். அந்தத் துண்டு இருந்தால் புதியவர் உடனே வரி கட்டலாம், லொக் புக்குக்கும் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். துண்டும் இல்லையெனில் தபாற்கந்தோரில் கிடைக்கும் வீ62 படிவத்தை நிரப்பி 25 பவுணுடன் அனுப்பிக் காத்திருக்க வேண்டியதுதான். 2014 ஒக்ரோபர் முதலாம் திகதியிலிருந்து வீதிவரி காருடன் சேர்ந்து கைமாறுவதில்லை என்பதையும் எம்மவர் பலர் இன்னும் மனங்கொள்ளவில்லை. "வரி இருக்கிறது, மார்ச் மட்டும் ஓடலாம்" என்று சொல்லி விற்பவர், ஒன்றில் அறியாதவர் அல்லது அறிந்து பொய் சொல்பவர்.

இனி, யப்பானிலிருந்து வந்த கார்களைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். ஏனெனில் எமது குடும்பங்கள் இவற்றை விரும்புகின்றன. எட்டுப் பேர் ஏறலாம், ஓட்டோமற்றிக், குளிரூட்டி, வலப்புறச் சுக்கான், என்ஜினும் இலகுவில் சாகாது. இதே கார் பிரித்தானியாவில் பிரீவியா என்ற பெயரில் விற்கப்பட்டது. எமது இளைஞரின் எஸ்ரிமா 2003 ஒக்ரோபரில் யப்பானில் முதற் பதிவு பெற்று, 2014 இல் இங்கு இறக்கப்பட்டது. பத்து வருடங்களுக்கு மேற்பட்டிருந்தமையால் தனிவாகன அங்கீகாரச் சோதனை அதற்குத் தேவைப்படவில்லை. சுங்க அறிவித்தல், எம்.ஓ.ரி., வயதுக்கேற்ற '53' இலக்கம் ஆகியவற்றுடன் வீதிக்கு வந்துவிட்டது. யப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழ் வயதை நிரூபித்ததால் '53' கிடைத்தது. வயதையோ அடையாளத்தையோ நிரூபிக்க முடியாத வாகனத்துக்கு 'கியூ' எழுத்தில் தொடங்கும் இலக்கம் கொடுப்பார்கள். 1983 இலிருந்து உள்ள நடைமுறை இது. 'கியூ' இலக்கமுள்ள காருக்குக் காப்புறுதி எடுப்பதே பெரும்பாடு. குடும்பத்துக்கு ஓடவென்று அதை வாங்குவதை நாம் ஆதரிக்கமாட்டோம்.

யப்பானியக் காரின் செசி இலக்கம் ஐரோப்பியக் கார்களின் 17 எழுத்து இலக்கம் போன்றதன்று, குறுகியது. அதனால் உதிரிப்பாகக் கடையின் கணினி அதை அடையாளம் காணாமல் விழிக்கும். அதன் ரேடியோ 90 மெகாஹேட்ஸுக்கு மேல் ஏறாது. இவை சில்லறை. பெரிய குழப்பம் ஓட்டமானியில் உள்ளது. யப்பானில் அது கிலோமீற்றரில் ஓடும். இங்கு வந்தபின் ஒரு சிலர் அதை மைலுக்கு மாற்றுவர், ஒரு சிலர் மாற்றார். எம்.ஓ.ரி. சோதகர் கிலோமீற்றரை மைல் என்று பதிந்துவிடுவதும் உண்டு. அரசாங்கத்தின் இலவச எம்.ஓ.ரி. வரலாற்றுச் சேவையில் எமது இளைஞரின் காரைப் பார்த்தபோது 2015 இல் 104,000 என்றும் 2017 இல் 78,000 என்றும் இருந்தது. பார்த்தவுடன் களவு என்றே தோன்றும். ஆனால் 104,000 கிலோமீற்றர் என்பது சுமார் 64,600 மைல்தான். இரண்டு வருடத்தில் இன்னுமொரு பதின்மூவாயிரம் மைல் ஓடி 78,000 ஆகியிருப்பது பொருந்துகின்றது. குறைந்து தெரிவதெல்லாம் மோசடியன்று. கணக்குப் போட்டுப் பார்க்காமல் எவரையும் கள்ளன் என்று சொல்லிவிடக் கூடாது. இந்த ஒன்றில் விற்றவர் மீது பழியில்லை.

கார் மோதுண்டு, திருத்தச் செலவு கட்டுப்படியாகாது என்று காப்புறுதிக் கம்பனி கைகழுவிய வரலாறு இன்னொன்று. 2017 ஒக்ரோபர் தொடக்கம் இவற்றை ஏ, பி, எஸ், என் என நான்காகப் பிரிக்கின்றனர். ஏ, பி இரண்டும் மீண்டும் வீதிக்கு வரவே கூடாதவை. எஸ் என்பது அடிச்சட்டகம் பாதிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. என் என்பது அவ்வாறு பாதிக்கப்படாதது. அதற்கு முன்னர் சி, டி என்ற எழுத்துகள் இருந்தன. இலவச எம்.ஓ.ரி. வரலாற்றில் இது தெரியாது. பணம் செலுத்தும் சோதனையிலேயே தெரியும். எமது இளைஞரின் கார் 2016 இல் 'டி' என்று குறிக்கப்பட்டது. அது ஓடமுடியாத கார் என்று ஆகாது. ஒழுங்காகத் திருத்தியிருந்தால் இன்னும் பல வருடம் ஓடும். ஆனால் அந்த எழுத்து எக்காலத்திலும் அழியாது. அடுத்து வாங்குபவர் கேட்பார், மோதுண்டால் நட்ட ஈடு கொடுக்கும் கம்பனியும் கழிக்கும். குறைந்தது ஐந்திலொரு பங்கையேனும் இதற்காகக் கழிக்கவேண்டும் என்பது எமது எண்ணம். விற்றவர் இதை அறிந்திருந்தாரா? வீட்டு வாசலில் வைத்து மாதம் மூன்று கார் விற்பவர் அறியாமல் இருந்திருப்பார் என்பதை நாம் நம்பத் தயாராயில்லை.

லண்டன் வாசிகளுக்கு 2023 ஓகஸ்ட் 29 இலிருந்து இன்னொரு கணக்கும் சேர்ந்துவிட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வலயமான 'யூலெஸ்' அன்றிலிருந்து மாநகரின் எல்லாப் பிரிவுகளையும் மூடியது. தகுதிபெறாத கார் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12 பவுண் 50 பென்ஸ். கட்டாமல் விட்டால் 180 பவுண் தண்டம், 14 நாட்களுக்குள் கட்டினால் அதில் பாதி. வாரம் ஐந்து நாள் ஓடினால் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 3,250 பவுண். காரின் விலையைவிட அது அதிகம்! பொதுவாக 2006 இலிருந்து பதிவான பெற்றோல் கார்களும், 2015 செப்ரெம்பர் தொடக்கம் பதிவான டீசல் கார்களும் தகுதி பெறும். 2003 ஆம் ஆண்டின் பெற்றோல் கார்களிலும் தகுதியுள்ளவை உண்டு. நைதரசன் ஒட்சைட்டின் வெளியேற்றம் கிலோமீற்றருக்கு 0.08 கிராமுக்கு மேற்படவில்லை எனக் காட்டினால் போதும். இங்கு புதிதாக விற்கப்பட்ட காருக்கு அந்த எண் லொக் புக்கிலேயே இருக்கக்கூடும். யப்பானிலிருந்து வந்த காருக்கு அந்த இடம் வெறுமையாக இருப்பதே வழக்கம். உற்பத்தியாளரின் சான்றைத் தேடிப்பெற்றுப் போக்குவரத்துச் சபைக்கு அனுப்பி, பதிவைத் திருத்தும்படி கேட்கவேண்டும். ஆக, ஒரே எஸ்ரிமா லண்டனில் ஒரு விலை, அத்தகைய வலயம் இல்லாத லெஸ்ரரில் வேறு விலை. பர்மிங்காமில் நகர மத்திக்குள் போவதாயின் 2021 யூன் முதலாம் திகதியிலிருந்து தகுதியற்ற காருக்கு நாளொன்றுக்கு 8 பவுண். வாங்கவிருக்கும் காரின் இலக்கத்தைப் போக்குவரத்துச் சபையின் சேவையில் இட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும், காசும் இல்லை.

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். விற்றவர் சொன்ன 2,600 பவுண்களைச் சகல பத்திரங்களும் சீராக உள்ள காரின் விலையாகவே வைத்துக்கொள்வோம். இறக்குமதிக் கார் என்பதற்காக 300 போனால் 2,300. 'டி' எழுத்துக்காக ஐந்திலொரு பங்கு, 460 போனால் 1,840. யூலெஸ் தகுதி நிரூபிக்கப்படவில்லை. லண்டனுக்கு வெளியே உள்ளவருக்குத்தான் விற்கலாம், அவர் வந்து பார்த்து எடுத்துச் செல்வதற்கு 340 குறைப்பார் எனின் 1,500. மைல் கணக்குக்காக எதையும் கழிக்கவில்லை. அது விளங்கிவிட்டது. ஆனால் இந்த 1,500 உம் லொக் புக் கையில் இருந்தால்தான். இல்லாத இன்றைய நிலையில், சில்லுப் பூட்டுடன் நிற்கும் அந்தக் காரை உடைத்து விற்பவர் சில நூறு பவுண் கொடுப்பார். களவுமில்லை, நிலுவைக் கடனுமில்லை என்று சோதனையில் தெரிந்தமை இளைஞரின் அதிட்டம். ஆகவே இன்று விற்கவேண்டாம் என்றோம். பூட்டை அகற்றுவிக்கும் கட்டணத்தைக் கட்டி, காரை வீதியிலிருந்து எடுத்து ஒருவரின் காணியில் நிறுத்தி, வீ62 படிவத்தை அனுப்பி, சில வாரம் பொறுத்திருக்கும்படி சொன்னோம். வேலைக்குப் போவதற்கு உடன் வேலைசெய்யும் ஒருவரின் காரில் இடம் கிடைத்திருக்கின்றது.

பணத்திலும் பெரிய ஒன்று இதில் இருக்கின்றது. கார் யாரோ ஒருவரின் பெயரில் இருக்க, காப்புறுதி இன்னொருவரின் பெயரில் இருக்க, ஓட்டுபவர் மூன்றாமவராக இருக்கும் ஏற்பாடு எம்மவரிடையே சாதாரணம். காப்புறுதி எடுக்கும்போது சொந்தக்காரர் யார், பதிவில் உள்ளவர் யார், பிரதானமாக ஓட்டுபவர் யார் என்று கேட்கின்றனர். பொய்யான பதில் காப்புறுதியையே செல்லாததாக்கிவிடக் கூடும். காப்புறுதியின்றி ஓடியதற்கு ஆகக்குறைந்தது ஆறு புள்ளிகள். சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு ஆறு புள்ளிகள் சேர்ந்தால் அனுமதிப்பத்திரமே ரத்தாகும். பொலிஸார் காரையும் கைப்பற்றலாம். அதை மீட்கப்போனால் அங்கும் சொந்தத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். வீதிக் குற்றத்துக்காக நீதிமன்றம் தீர்ப்பளித்தால், பின்னொருநாள் நிரந்தர வதிவிடத்துக்கும் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கும்போது அதைச் சொல்லியாக வேண்டும். தஞ்சக் கோரிக்கை இன்னமும் முடிவாகாதவர்கள் காரில் கைவைக்குமுன் தமது சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. பெயரைக் கடன் கொடுப்பவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்: அந்தக் காரை யார் ஓட்டியது என்று பொலிஸார் எழுதிக் கேட்டு நீங்கள் பதில் கொடுக்காவிட்டால், உங்கள் அனுமதிப்பத்திரத்தில் விழுவதும் ஆறு புள்ளிகளே. காரை விற்றதை அறிவிக்காமல் விட்டதற்கு 1,000 பவுண் வரை தண்டம் விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

விற்றவரிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெறமுடியுமா? அவர் வியாபாரி என்றால் 2015 ஆம் ஆண்டின் பாவனையாளர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள காரை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையுண்டு. அதன் பின்னரும் திருத்திக் கேட்கும் உரிமையுண்டு. தனியாள் என்றால் பாதுகாப்பு மிகக் குறைவு. விற்கும் உரிமை அவருக்கு இருந்ததா, சொன்ன விவரம் உண்மையா என்ற அளவே. வீட்டிலிருந்து விற்றாலும், தொழிலாகச் செய்பவர் வியாபாரியே. ஆனால் அதை நிரூபிப்பதற்கு அவரது பழைய விளம்பரங்கள் வேண்டும். எமது காப்பகத்தில் அவை இருக்கின்றன. இளைஞர் சிறுதொகை வழக்கு நீதிமன்றுக்குப் போவதாயின் அவற்றின் பிரதிகளைக் கொடுப்போம் என்று சொல்லியுள்ளோம்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், பழைய காரைத் தனியார் விற்கும்போது அதன் பதிவு வரலாறும் கடன் விவரமும் அடங்கிய அரசாங்கத் தகவற்பொதியை வாங்குபவருக்குக் கொடுப்பது சட்டக் கட்டாயம். பிரித்தானியாவில் அவ்வாறில்லை. சட்டம் கேட்காததை ஒரு பத்திரிகை கேட்கக்கூடாது என்பதில்லை. இதுவரை ஒரு விளம்பரத்துக்கு இத்தனை பவுண் என்று வாங்கி, வந்த சொற்களை வந்தபடியே அச்சிட்டோம். 'நல்ல ஓட்டம், குடும்பக் கார், அவசர விற்பனை' என்ற அந்த மூன்று சொற்றொடர்களுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று நாம் கேட்டதில்லை.

வரும் மாதம் முதலாம் திகதி தொடக்கம் எமது வரி விளம்பரப் பகுதியில் கார் விற்க விரும்புவோர், லொக் புக்கைப் பணிமனைக்குக் கொண்டுவந்து காட்டவேண்டும். விளம்பரத்தில் நான்கு விவரங்கள் இடம்பெறும்: லொக் புக் விற்பவரின் பெயரில் உள்ளதா, இறக்குமதிக் காரா, காப்புறுதிக் கம்பனி கைகழுவிய எழுத்து ஏதும் உண்டா, யூலெஸ் தகுதி உண்டா. இவற்றுக்கு மேலதிகக் கட்டணம் இல்லை. பத்திரத்தில் உள்ள 11 இலக்கக் குறியெண்ணை நாம் குறித்துக்கொள்ளவோ படமெடுக்கவோ மாட்டோம். நீங்களும் அதை எவருக்கும் தொலைபேசியில் சொல்லவோ அனுப்பவோ வேண்டாம், அதை வைத்துக் காரின் பதிவையே மோசடியாக மாற்றிவிட இடமுண்டு. மாதத்துக்கு இரண்டு கார்களுக்கு மேல் விளம்பரம் செய்பவரின் விளம்பரத்தில் 'வியாபாரி' என்ற சொல் சேர்க்கப்படும். லொக் புக் இன்னமும் சுவான்சியிலிருந்து வந்துகொண்டிருக்கும் கார்களின் விளம்பரங்கள், அது வந்துசேர்ந்த பின்னர் பிரசுரிக்கப்படும்.